இடுப்பு உடைந்த அம்மாவை ரிஹாப்பில் சேர்த்த 52 நாள்: முழுமையான வழிகாட்டி

அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை. இடது தொடையெலும்பு இடுப்போடு சேருகிற இடத்தில் உடைந்துவிட்டது. மறுநாளே ஆபரேஷன் செய்து, உடைந்த பந்துப் பகுதியை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைத்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆறாம் நாள் காலை ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் “நாளைக்கு டிஸ்சார்ஜ் பண்ணிடலாம்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது அப்போதுதான்.

அம்மா இருப்பது திண்டுக்கல்லில், பழைய வீடு, கழிவறை கொல்லைப்புறத்தில், மூன்று படி இறங்க வேண்டும். நான் சென்னையில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி. அண்ணன் பெங்களூரில். அக்கா திருச்சியில், ஏற்கெனவே படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அம்மாவோ இரண்டு பேர் தூக்கினால்தான் உட்கார முடியும் என்கிற நிலை. எங்கே கூட்டிப் போவது?

அந்த ஒரு நாளில் நாங்கள் தலைகால் புரியாமல் ஓடியதை நீங்கள் கொஞ்சம் நிதானமாகச் செய்யட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கூடவே, சில வருஷம் முன்பு பக்கவாதம் வந்து இதே மாதிரி வேறொரு இடத்தில் இருந்த பெரியப்பாவின் கதையும் ஆங்காங்கே வரும். அவர் விஷயத்தில் நாங்கள் செய்த தப்புகள்தான் அம்மாவைக் காப்பாற்றின என்றுகூடச் சொல்லலாம்.

1. என்ன இடம் தேடுகிறோம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

இது அற்ப விஷயமாகத் தெரியும், ஆனால் எங்களுக்கு அரை நாள் இதில்தான் வீணானது. நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் பிரசவமும் சின்ன ஆபரேஷனும் பார்க்கிற தனியார் ஆஸ்பத்திரி. வெளிநாட்டில் அந்தப் பேருக்கு வேறு அர்த்தம், அங்கே இருக்கும் சொந்தக்காரர்கள் “நல்ல நர்சிங் ஹோமா பாருங்க” என்று போனில் சொன்னால் குழம்பாதீர்கள். மறுவாழ்வு மையம் என்று கேட்டாலும் வம்புதான். ஆட்டோக்காரர் என்னை நேராகக் குடிபோதை மறுவாழ்வு மையத்தின் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டு “யாருண்ணே, தம்பியா?” என்று அனுதாபமாக வேறு கேட்டார்.

முதியோர் இல்லம் என்பது பெரும்பாலும் தானே எழுந்து நடமாடக்கூடியவர்களுக்கு, படுக்கையில் இருப்பவரை அநேகமாகச் சேர்க்கமாட்டார்கள். ரிஹாப் சென்டர் என்பது சில வாரங்களோ மாதங்களோ தங்கவைத்து, தினமும் பிசியோதெரபி கொடுத்து, எழுப்பி நடக்கவைத்து அனுப்புகிற இடம். லாங் டெர்ம் கேர், அசிஸ்டட் லிவிங் என்றெல்லாம் போர்டு போட்டிருப்பது இனி வீட்டில் பார்க்க முடியாது என்றானவர்களுக்கு. இதெல்லாம் தாண்டி, குணமாக்க வழியில்லை, வலியில்லாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்கிற நிலைக்கு வலி நிவாரண சிகிச்சை மையங்கள் தனியாக உண்டு. சிக்கல் என்னவென்றால் ஒரே கட்டடத்தில் கீழ்த்தளம் ரிஹாப், மேல்தளம் லாங் டெர்ம் என்று இரண்டையும் சேர்த்து நடத்துவார்கள். நீங்கள் கீழ்த்தளத்துக்குச் சேர்த்த ஆள் சத்தமில்லாமல் மேல்தளத்துக்குப் போய்விடக்கூடும். அதைப் பற்றித்தான் மூன்றாவது பகுதி.

2. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்

டிஸ்சார்ஜ் என்று சொன்ன அன்றே இடம் தேட ஆரம்பிக்காதீர்கள், ஆபரேஷன் முடிந்த மறுநாளே ஆரம்பித்துவிடுங்கள். அப்படியும் முடியவில்லை என்றால் டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லி இரண்டு நாள் கேளுங்கள், நாங்கள் கேட்டோம், ஒரு நாள் கிடைத்தது.

டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடாமல் அங்கேயே உட்கார்ந்து படியுங்கள். ஆபரேஷன் ஆன காலில் எவ்வளவு பாரம் ஊன்றலாம் என்று அதில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். முழுப் பாரமா, பாதியா, விரல் மட்டும் தரையில் படலாமா? இது இல்லாவிட்டால் ரிஹாப்பில் பிசியோ பயந்துபோய் நடக்கவைக்கவே மாட்டார், “டாக்டரிடம் கேட்டுச் சொல்லுங்கள்” என்பார், டாக்டர் கான்ஃபரன்ஸில் இருப்பார், ஒரு வாரம் படுக்கையிலேயே போய்விடும். எந்த மாத்திரை எத்தனை நாளைக்கு, தையல் எப்போது பிரிப்பது, யூரின் ட்யூப் இருந்தால் என்றைக்குப் போட்டது, எப்போது எடுப்பது என்பதையும் எழுதி வாங்குங்கள். பக்கவாதமாக இருந்தால் சரியாக விழுங்க முடிகிறதா என்று சோதித்தார்களா எனக் கட்டாயம் கேளுங்கள். பெரியப்பாவுக்கு அதைக் கேட்கவில்லை.

இன்னொன்று, வெட்கப்படாமல் செய்ய வேண்டியது. கிளம்பும் அன்று காலையில் நர்ஸை வைத்துக்கொண்டு முதுகின் கீழ்ப்பகுதி, இரண்டு குதிகால், இடுப்பின் இரு பக்கம் ஆகிய இடங்களைப் பார்த்து போனில் படம் எடுத்துவையுங்கள். புதிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அவர்களும் பார்க்கட்டும். பத்து நாள் கழித்து படுக்கைப்புண் வந்தால் “அங்கேயே இருந்தது சார்” என்று இவர்கள் சொல்வதும் “இங்கே இல்லையே” என்று அவர்கள் சொல்வதும் நடக்கும்.

3. எதற்காகச் சேர்க்கிறோம் என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றுதான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பெரியப்பாவைச் சேர்த்தபோது “நல்லா ஆகட்டும்” என்று சேர்த்தோம். நல்லா ஆவது என்றால் என்ன? யாருக்கும் தெரியாது. மையத்துக்காரர்களுக்கும் தெரியாது. ஒரு மாதம் ஆச்சு, “கொஞ்சம் கொஞ்சமா இம்ப்ரூவ் ஆகுது சார்” என்றார்கள். மூணாவது மாதமும் அதே வாக்கியம். பக்கவாதத்தில் வேகமாகத் தேறுகிற காலமே முதல் மூன்று மாதம்தான், அதற்குப் பிறகும் தேறலாம் என்றாலும் வேகம் குறைந்துவிடும். அந்தப் பொன்னான மூன்று மாதத்தை நாங்கள் ‘கொஞ்சம் கொஞ்சமா’விலேயே கழித்துவிட்டோம். பதினொரு மாதம் அங்கே இருந்தார்.

அம்மாவுக்கு என் மனைவிதான் சொன்னாள், ஒரு வரி எழுதலாம் என்று. நாங்கள் எழுதியது: “அம்மா யார் உதவியும் இல்லாமல் வாக்கர் பிடித்துக் கட்டிலிலிருந்து எழுந்து பாத்ரூம் போய் வர வேண்டும், ஆறு வாரத்தில்.” அவ்வளவுதான். கோயிலுக்குப் போக வேண்டும், மாடி ஏற வேண்டும் என்றெல்லாம் இல்லை. பாத்ரூம் போய் வந்துவிட்டால் பகலில் வந்துபோகும் ஒரு ஆளை வைத்து எங்கள் யாராவது ஒருவர் வீட்டில் சமாளித்துவிடலாம், அது முடியாவிட்டால் இருபத்துநாலு மணி நேரமும் ஆள் வேண்டும். அந்த ஒரு கோட்டில்தான் வீடா இல்லமா என்பதே முடிவாகிறது. அம்மாவிடமும் கேட்டோம். “அடுத்தவ கையால கழுவிவிடறதுக்கு நான் போய்ச் சேர்ந்திடறேன், அதை முதல்ல எழுதிக்கோ” என்றாள்.

அந்தத் தாளை முதல் நாளே மைய மேலாளர், டாக்டர், பிசியோ மூன்று பேரிடமும் காட்டி, நடக்குமா, எத்தனை வாரம் ஆகும் என்று கேட்டோம். பிசியோ யோசித்து “ஆறு கஷ்டம், எட்டு வைச்சுக்கலாம்” என்றார். அந்தப் பதிலைக் கேட்டபோதுதான் இந்த இடம் சரி என்று எனக்குத் தோன்றியது. எதைக் கேட்டாலும் “பண்ணிடலாம் சார்” என்கிற இடத்தில் கவனமாக இருங்கள்.

4. இடம் பார்க்கும்போது

இரண்டு தடவை போங்கள். முதல் தடவை சொல்லிவிட்டு. இரண்டாவது தடவை சொல்லாமல், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல். பகலில் எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும், ஷிஃப்ட் மாறி, மேலாளர் கிளம்பி, ராச்சாப்பாடு கொடுக்கிற நேரத்தில்தான் உண்மை தெரியும். ஒரு இடத்தில் நான் ஏழேகாலுக்குப் போனபோது எட்டுப் பேருக்கு ஒரே பெண் ஊட்டிக்கொண்டிருந்தார், பாவம் அவர் என்ன செய்வார், ஒருவர் விழுங்குவதற்குள் அடுத்தவர் வாயில். வந்துவிட்டோம்.

ஏசி, டிவி, வரவேற்பறைச் சோபா எதையும் பார்க்காதீர்கள். அங்கே இருப்பவர்களின் விரல் நகத்தைப் பாருங்கள். வெட்டியிருக்கிறதா, உள்ளே அழுக்கா? தண்ணீர் டம்ளர் அவர்கள் கை எட்டும் தூரத்தில் இருக்கிறதா? அழைப்பு மணியின் ஒயர் கட்டிலில் கைபடும் இடத்தில் இருக்கிறதா, சுவரில் சுருட்டி மாட்டியிருக்கிறதா? காலை பதினோரு மணிக்கு எத்தனை பேர் நாற்காலியில் இருக்கிறார்கள், எத்தனை பேர் இன்னும் படுக்கையில்? மூக்கையும் நம்புங்கள். மூத்திர வாடை ஒரு அறையில் மட்டும் வந்தால் அது யாருக்கோ இப்போதுதான் போயிருக்கிறது, கட்டடம் முழுக்க வந்தால் அது பழக்கமாகிவிட்டது. டெட்டால் வாடை மூக்கைத் துளைத்தாலும் எனக்குச் சந்தேகம்தான்.

கேட்க வேண்டிய கேள்விகளில் முக்கியமானது, ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா பாத்ரூம் போகணும் என்றால் என்ன நடக்கும் என்பது. டயப்பர்தான் போட்டிருக்கோமே என்ற பதில் வந்தால், நடக்கவைப்பதில் அவர்களுக்கு அக்கறை இல்லை என்று அர்த்தம். ராத்திரி எத்தனை பேர் விழித்திருப்பார்கள், அதில் படித்த நர்ஸ் எத்தனை பேர்? பிசியோ ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம், ஞாயிற்றுக்கிழமை உண்டா? டாக்டர் இங்கேயே இருக்கிறாரா, கூப்பிட்டால் வருவாரா? அவசரம் என்றால் எந்த ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸில் கூட யார் போவார்கள்? தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்களுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் பதிவு என்று ஒன்று இருக்கிறது, இந்த இடம் எதில் பதிவாகியிருக்கிறது என்று கேட்டு, சான்றைக் கண்ணால் பாருங்கள். மாட்டியிருந்தால் காட்டுவார்கள்.

மொழியும் ஒரு விஷயம். சென்னையில் பல மையங்களில் கூட இருந்து பார்த்துக்கொள்பவர்கள் ஒடிசா, ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்த பிள்ளைகள். நல்ல பிள்ளைகள், பொறுமையாகப் பார்க்கிறார்கள், ஆனால் அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான். “வலிக்குது”, “தண்ணி”, “பாத்ரூம்”, “குளிருது”, “திரும்பிப் படுக்கணும்” என்று பத்து வார்த்தையை இந்தி எழுத்தில் எழுதி கட்டில் தலைமாட்டில் ஒட்டினோம். அம்மாவைப் பார்த்துக்கொண்ட பெண் இரண்டே நாளில் மனப்பாடம் செய்துவிட்டு அம்மாவிடம் மேற்கொண்டு வார்த்தை கேட்க ஆரம்பித்தாள். அம்மாவுக்கும் பொழுது போனது.

5. பணம்

எங்களிடம் சொன்ன மாதக் கட்டணம் 42 ஆயிரம். முதல் மாதம் கட்டியது 61 ஆயிரம். ஏமாற்று என்று சொல்லமாட்டேன், நாங்கள் கேட்கவில்லை. டயப்பர், கையுறை, பஞ்சு எல்லாம் தனி. படுக்கைப்புண் வராமலிருக்கப் போடும் காற்று மெத்தை, அதாவது ஏர் பெட், வாடகை தனி. இரண்டாவது வேளை பிசியோ தனி. சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப்கூடத் தனி. ஆகவே “எது சேர்த்தி?” என்று கேட்பதைவிட “போன மாதம் இதே மாதிரி ஒருவருக்கு மொத்தம் எவ்வளவு பில் வந்தது, பெயரை மறைத்துக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். அட்வான்ஸ் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும், மாதத்தின் நடுவில் கிளம்பினால் மீதி வருமா, இடையில் பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தால் அந்த நாட்களுக்கும் கட்டணமா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள்.

இன்ஷூரன்ஸ் பற்றி எல்லோருக்கும் ஒரு நப்பாசை இருக்கும், எனக்கும் இருந்தது. சாதாரண மெடிக்ளைம் பாலிசி ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தான். ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தங்குவது மாதிரியான பராமரிப்புச் செலவுக்குப் பொதுவாக வராது. ஆனால் பல பாலிசிகளில் டிஸ்சார்ஜ் ஆன பிறகு 60 நாள் வரை, சிலவற்றில் 90 நாள் வரை, அதே நோய்க்கான மருந்து, பரிசோதனைச் செலவைத் திரும்பக் கேட்கலாம். டாக்டர் எழுதிக்கொடுத்த பிசியோவையும் சில பாலிசிகள் ஏற்கின்றன. அதற்கு டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே பிசியோ தேவை என்று இருக்க வேண்டும், மையம் பிசியோவுக்குத் தனி பில் கொடுக்க வேண்டும். ‘பேக்கேஜ்’ என்று மொத்தமாக ஒரே வரி போட்டால் ஒன்றும் கிடைக்காது.

அம்மா ஓய்வூதியம் வாங்குபவராக இருந்தால் உயிர்வாழ் சான்று எந்த மாதம் என்று பார்த்துவையுங்கள். போனில் முகத்தைக் காட்டியே ஜீவன் பிரமாண் என்கிற டிஜிட்டல் உயிர்வாழ் சான்றைப் பதியலாம், படுக்கையிலிருந்தே முடிந்துவிடும்.

இவ்வளவு பணம் முடியாது என்பவர்களுக்கு: கிண்டியில் 2024 பிப்ரவரியில் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை 200 படுக்கையோடு இருக்கிறது, முதியோருக்கென்றே உள்ள அரசு ஆஸ்பத்திரி. சென்னை கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. வேலூர் பாகாயத்தில் சிஎம்சியின் மறுவாழ்வு நிலையம் 1966-லிருந்து நடக்கிறது. அதை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். நடக்கவே முடியாது என்று ஒடுங்கிப்போயிருந்த பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது “அந்தம்மாவுக்கு வயசு முப்பதுடா” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அப்புறம், வீட்டிலேயே வைத்துப் பார்க்கிறீர்கள் என்றால் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோவும் வலி நிவாரண சிகிச்சையும் வீடு தேடி வரும், சுகர், பிரஷர் மாத்திரையும் கொண்டுவந்து தருவார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

6. முதல் மூன்று நாள்

இதற்குத் தயாராக இல்லாவிட்டால் மிரண்டுவிடுவீர்கள். சேர்த்த இரண்டாம் நாள் சாயங்காலம் அம்மா என்னைப் பார்த்து “நீங்க யாரு, கரன்ட் பில்லு கட்டியாச்சே” என்றாள். அதுவரை தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தவள். ராத்திரி முழுக்கத் தூங்காமல் செத்துப்போன சித்தியைக் கூப்பிட்டிருக்கிறாள். அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள், மறதி நோய் வந்துவிட்டது என்று.

அது மறதி நோய் இல்லை. மறதி நோய் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல வரும். இப்படி ஓரிரு நாளில் திடீரென்று வந்து, சாயங்காலம் கூடி, காலையில் கொஞ்சம் தெளிகிற குழப்பம் வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு அடிக்கடி வருவது. டெலிரியம் என்பார்கள். மூத்திரக் கிருமி, மலச்சிக்கல், வலி, தூக்கமின்மை, தண்ணீர் குறைவு, புது மாத்திரை, புது இடம் என்று அதற்குப் பின்னால் காரணம் இருக்கும். அம்மாவுக்கு ஐந்து நாளாக வெளிக்குப் போகவில்லை என்பது நான் கேட்ட பிறகுதான் தெரிந்தது. அதைச் சரிசெய்து, கண்ணாடியை மாட்டிவிட்டு, வீட்டுச் சுவர்க்கடிகாரத்தைக் கண்ணெதிரே மாட்டி, பகலில் ஜன்னலோரம் உட்காரவைத்த நாலு நாளில் தெளிந்துவிட்டாள். இந்த நேரத்தில் “ரொம்பத் தொந்தரவு பண்றாங்க, தூக்க மாத்திரை கொடுக்கலாமா” என்று கேட்பார்கள். டாக்டர் பார்த்துக் காரணத்தைத் தேடிய பிறகு முடிவு செய்யட்டும் என்று சொல்லுங்கள். மாத்திரை போட்டால் தூங்குவார்கள், ஆனால் பிசியோ நேரத்திலும் தூங்குவார்கள், எழுந்தால் தள்ளாடி விழுவார்கள்.

முடிந்தால் முதல் மூன்று ராத்திரி யாராவது கூடத் தங்குங்கள். தங்கவிடாவிட்டால் பகல் முழுக்க இருங்கள். ஒரு தாளில் அம்மாவைப் பற்றி எழுதி ஒட்டுங்கள்: கூப்பிடும் பெயர், இடது காது கேட்காது, காபி இல்லாமல் காலை விடியாது, கத்தரிக்காய் ஆகாது, டீச்சராக இருந்தவர். கடைசி வரி முக்கியம். ‘ஆறாம் நம்பர் பெட் இடுப்பு கேஸ்’ அன்றிலிருந்து டீச்சரம்மா ஆகிவிட்டாள்.

7. போகிறபோது பார்க்க வேண்டியது

ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வருவதால் பெரிய பலன் இல்லை. நேரத்தை மாற்றி மாற்றிப் போங்கள். ஒரு நாள் பிசியோ நேரத்துக்கு, ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துக்கு.

எங்கள் பல்செட் கதை இது. மூன்றாவது வாரம் மதியம் போனேன், அம்மா குழைத்த இட்லியை மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மேல் பல்செட் இல்லை. சாப்பிட்டு முடித்ததும் கழற்றிக் காகித நாப்கினில் சுற்றித் தட்டோரம் வைக்கிற வழக்கம் அவளுக்கு. தட்டோடு சேர்த்துக் குப்பைக்குப் போய்விட்டது. எட்டு நாளாகிறது, யாரும் சொல்லவில்லை, அம்மாவும் “அந்தப் புள்ளையைத் திட்டுவாங்க” என்று வாயைத் திறக்கவில்லை. எடை பார்க்கச் சொன்னேன், மூன்று கிலோ குறைந்திருந்தது. காயம் ஆற வேண்டிய, தசை ஏற வேண்டிய நேரத்தில் மூன்று கிலோ. பல்செட், காது மிஷின், கண்ணாடி மூன்றுக்கும் மூடியுள்ள டப்பா வாங்கி, பெரிய எழுத்தில் பெயர் எழுதிக் கொடுங்கள். வாராவாரம் எடை பார்க்கச் சொல்லுங்கள்.

போனதும் முதலில் போர்வையை விலக்கிக் குதிகாலைப் பாருங்கள். படுக்கைப்புண் பெரும்பாலும் முதுகின் அடியிலும் குதிகாலிலும் ஆரம்பிக்கும். நம் தோல் நிறத்தில் சிவப்பு சட்டென்று தெரியாது, சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்திருக்கிறதா, சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். தானே புரளமுடியாதவரை இரண்டு மணிக்கொரு தடவை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், ஏர் பெட் போட்டிருந்தாலும்தான். எப்போது திருப்பினோம் என்று எழுதிவைக்கிற தாள் இருக்கிறதா என்று கேளுங்கள், ஒரே பேனாவில் ஒரே கையெழுத்தில் நாள் முழுவதையும் நிரப்பியிருந்தால் சிரித்துக்கொண்டே கேளுங்கள். பவுடர் போட்டுத் தேய்ப்பது, நடுவில் ஓட்டையுள்ள ரப்பர் வளையத்தில் உட்காரவைப்பது இரண்டும் பழைய பழக்கம், நல்லதைவிடக் கெடுதல்தான் அதிகம்.

பக்கவாதக்காரர்களுக்கு இரண்டு விஷயம். விழுந்துபோன பக்கத்துக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவே கூடாது, தோள்மூட்டு நழுவி, வலி மாதக்கணக்கில் நிற்கும். சாப்பாடு எப்போதும் நிமிர்த்தி உட்காரவைத்துத்தான், சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் படுக்கவைக்கக் கூடாது. பெரியப்பாவுக்குப் பாதி சாய்ந்த நிலையில் ரசம் சாதம் ஊட்டியிருக்கிறார்கள், புரையேறி நுரையீரலுக்குள் போய், நிமோனியாவில் ஒன்பது நாள் ஐசியூ. தண்ணீர் குடித்ததும் இருமல், சாப்பிட்டபின் குரல் கரகரப்பு, காய்ச்சல் விட்டுவிட்டு வருவது என்றெல்லாம் இருந்தால் அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும்.

இனி இடுப்பு ஆபரேஷன் ஆனவர்கள் விஷயம். அம்மாவிடம் நான் சண்டை போட்டதெல்லாம் சம்மணம் போடாதே, கால் மேல் கால் போடாதே, முக்காலியில் உட்காராதே, கீழே விழுந்த கர்ச்சீப்பை குனிந்து எடுக்காதே என்பதற்குத்தான். முட்டி இடுப்புக்கு மேலே போகிற மாதிரி எதுவும் செய்யக்கூடாது என்று டாக்டர் மூன்று மாதம் கெடு வைத்திருந்தார்.

8. குறை சொல்வது எப்படி

கத்தாதீர்கள். நீங்கள் கத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுவீர்கள், அம்மா அங்கேதான் இருக்க வேண்டும். அவர்கள் பழிவாங்குவார்கள் என்று சொல்லவரவில்லை, ஆனால் பயத்தில் எதையும் உங்களிடம் சொல்லாமல் மறைக்க ஆரம்பிப்பார்கள், அது அதைவிட மோசம். கட்டில் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்தோம். பார்த்ததைத் தேதி போட்டு எழுதுவோம், நல்லதையும் எழுதுவோம். “இன்று குமாரி அம்மாவுக்குத் தலை பின்னிவிட்டிருந்தாள், நன்றி” என்று எழுதிய பக்கத்தை மேலாளர் படம் எடுத்துக்கொண்டு போனார். அதற்கு அப்புறம் தண்ணீர் பற்றி ஒரு குறை எழுதியபோது அன்றே சரிசெய்தார்கள். விழுந்தது, காயம், மருந்து மாறியது, யாராவது கையோங்கியது மாதிரி விஷயம் என்றால் நோட்டெல்லாம் வேண்டாம், நேராக மேலாளருக்கு எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். கேட்காவிட்டால் முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது, மாவட்ட சமூக நல அலுவலகமும் இருக்கிறது. கொடுமை என்றால் போலீஸ்தான்.

9. கூடப்பிறந்தவர்கள்

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் யாராவது படித்துவிடுவார்கள். மையத்தோடு பேசுவது ஒரே ஒருவர், முடிவெடுப்பது எல்லோரும் சேர்ந்து. மூன்று பேர் மூன்று விதமாகப் போன் செய்தால் மையம் தனக்கு வசதியானவர் பேச்சைக் கேட்கும். பில்லை மாதாமாதம் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுங்கள். தூரத்தில் இருப்பவரைப் பணம் மட்டும் போட வைக்காதீர்கள், இன்ஷூரன்ஸ் பேப்பர், மாத்திரைப் பட்டியல் மாதிரி ஒரு வேலையை அவர் தலையில் கட்டுங்கள், அவருக்கும் மனம் ஆறும்.

“பெத்தவளைக் கொண்டுபோய் விட்டுட்டாங்க” என்று ஊரில் சொன்னார்கள். சொல்லத்தான் செய்வார்கள். சொன்ன மாமாவிடம் அண்ணன் “பத்து நாள் உங்க வீட்டுல வெச்சுக்கறீங்களா மாமா?” என்று மரியாதையாகவே கேட்டான், அதோடு சரி.

அம்மா குழம்பியிருக்கும் நேரத்தில் வீட்டுப் பத்திரத்திலோ வங்கிப் படிவத்திலோ கையெழுத்து வாங்காதீர்கள், எவ்வளவு நல்ல எண்ணமாக இருந்தாலும். 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி, பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையில் எழுதி வாங்கிய சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் தீர்ப்பாயம் செல்லாது என்று அறிவிக்க முடியும்.

10. வீட்டுக்குக் கூட்டிவருவது

எட்டு வாரக் கெடுவில் அம்மாவுக்கு ஏழரை வாரம் ஆனது. நாற்பதாம் நாள் பிசியோ என்னைக் கூப்பிட்டு “வீட்டு பாத்ரூமைப் படம் எடுத்து அனுப்புங்க” என்றார். கதவு அகலத்தை அளந்தோம், வாக்கர் நுழையாது, கதவைக் கழற்றித் திரை போட்டோம். இந்தியன் டாய்லெட் வேலைக்கு ஆகாது என்பதால் கமோடு, அதற்கு மேல் உயரம் கூட்டும் சீட், சுவரில் இரண்டு கைப்பிடி, தரையில் வழுக்காத பாய். ராத்திரி விளக்கு. கட்டில் உயரத்துக்குச் செங்கல் வைக்கப் போன என்னைப் பிசியோ நிறுத்தினார், மரக்கட்டையில் குழி போட்டு வைக்கச் சொன்னார். இதெல்லாம் எங்கள் வீட்டில் இல்லை, அது மூன்றாவது மாடி என்பதால் எங்கள் தெருவிலேயே தரைத்தளத்தில் ஒரு சின்ன போர்ஷன் ஆறு மாதத்துக்கு வாடகைக்கு எடுத்தோம், மையத்துக்குக் கட்டியதில் பாதிகூட ஆகவில்லை.

கிளம்புவதற்கு முன் இரண்டு நாள், வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவர் யாரோ அவர் மையத்துக்குப் போய் எல்லாவற்றையும் தன் கையால் செய்து பழக வேண்டும். எழுப்புவது, வாக்கரைக் கொடுப்பது, குளிப்பாட்டுவது. நம் முதுகு போகாமல் தூக்கவும் சொல்லித்தருவார்கள். வீட்டுக்கு வந்தபிறகும் பிசியோ நிற்கக் கூடாது, நிறுத்திய பத்து நாளில் வந்த பலம் போக ஆரம்பித்துவிடும்.

எழுதிய அந்த ஒரு வரி நடக்காமலும் போகலாம். பெரியப்பாவுக்கு நடக்கவில்லை. அப்போது கெடு முடிந்த அன்று எல்லோரும் உட்கார்ந்து, இன்னும் நாலு வாரம் ரிஹாப்பா, வீட்டில் ஆள் வைத்துப் பார்ப்பதா, நிரந்தரமாக மேல்தளமா என்று வாய்விட்டுப் பேசுங்கள், பெரியவரையும் வைத்துக்கொண்டு. யாரும் பேசாமலே மேல்தளத்துக்குப் போய்ச் சேர்வதைவிட, பேசி முடிவெடுத்து அங்கே விடுவதை அவர்களாலும் தாங்கிக்கொள்ள முடிகிறது. பெரியப்பா கடைசிவரை கேட்டது “எப்ப கூட்டிட்டுப் போவீங்க” என்பதுதான், எங்களில் ஒருவரும் அவருக்குப் பதில் சொன்னதில்லை.

அம்மா இப்போது காலை ஐந்தரைக்கு வாக்கரின் டக் டக் சத்தத்தோடு எங்களை எழுப்புகிறாள். புது பல்செட்டுக்கு 9,000 ஆனது, பாதியை மையம் ஏற்றுக்கொண்டது. 15 நாளில் தருவதாக எழுதிக்கொடுத்த அட்வான்ஸ் வர 43 நாள் ஆனது, அதுவும் வாராவாரம் திங்கட்கிழமை போன் செய்ததால்.